மூன்று வீட்டு வட்டம்

"உள்ளே வரலாமா டீச்சர்?"

"வேண்டாம். என்ன சொல்லணுமோ அங்கேயே நின்னு சொல்லு."

"சரி டீச்சர்."

வாசற்படியில் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் ஒதுங்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த தாள்கள். எல்லோரும் அவளைப் பட்டியலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு நர்ஸ் அனுப்புகிற ஆபீசில், எந்த நர்ஸ் எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று தினமும் காலையில் பட்டியல் போடுகிறவள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி கூடுது, டீச்சர்."

"தெரியும். மனு எழுதினதே நான்தான். அத்தான் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்."

"என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்."

"எடுக்கட்டும் டீச்சர். அதைத் தடுக்க நான் வரல. மனுவுல 'போனில் பொய் சொன்னார்'னு ஒரு வரி இருக்கு. அதை மட்டும் அடிச்சுடுங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அம்மாவுக்கு வேலை போச்சுன்னா தாங்கிப்பாங்க. அம்மா சொன்ன பொய்யில ஒரு உயிர் போச்சுன்னா, அதை வச்சுக்கிட்டு எங்கே போய் நிப்பாங்க?"

"பொய் இல்லாம வேற என்னவாம்? அத்தான் உனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினாரா இல்லையா?"

"பண்ணினார்."

"என்ன சொன்ன?"

"'உங்க வீடு போட்டாச்சுங்க ஐயா, வந்துட்டே இருப்பாங்க'ன்னு சொன்னேன்."

"யாரைப் போட்ட? பேரைச் சொல்லு பார்க்கலாம்."

அவள் உறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

செத்துப்போனது என் அக்கா. நுரையீரல் சுருங்கிப்போய் ஒன்றரை வருஷமாக ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருந்தாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, காலி சிலிண்டரைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட்டுப் போவாள். சிலிண்டர் சாவியைத் திருக இரண்டு கை வேண்டும். அவள் கணவரான அத்தானுக்குப் பக்கவாதத்தில் வலது கை போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு யாரும் வரவில்லை. ஒன்பதரைக்குப் போன் பண்ணினார். பத்தேகாலுக்குப் பண்ணினார். இரண்டு தடவையும் "வந்துட்டே இருப்பாங்க." அந்தப் பேச்சை நம்பி ஆம்புலன்சைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். அது வந்து சேர்ந்தபோது அக்கா போய்விட்டிருந்தாள். மறுநாள் விசாரித்தால், அந்த வீட்டுக்கு யாரையும் அனுப்பவே இல்லை. இரண்டு நர்சுகள் ஆபீசிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பதினாறு நாளாக இதைத்தான் நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரே வரி சேர்ப்பேன்: "அந்தப் பொம்பளை வாய் கூசாம பொய் சொன்னா."

"பேர் இல்ல டீச்சர்," என்றாள் பட்டியலம்மா. "யாரையும் போடல. ஆனா போட்டாச்சுன்னுதான் தாள் சொல்லிச்சு. இதைக் கொஞ்சம் பாருங்களேன். உங்க தாள்தானே."

அது உண்மைதான். அந்தத் தாளை அச்சடிக்கிற புரோகிராம் நான் எழுதியது.

"உள்ளே வா," என்றேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற சமயத்தில், அந்த ஆபீஸ்காரர்கள் வந்து கேட்டார்கள். பட்டியலம்மா கையால் பட்டியல் போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது, ஏதாவது வழி இருக்கிறதா என்று. நான் ஒரு பெரிய கட்டம் போட்டேன். இடப்பக்கம் வரிசையாக வீடுகள். மேலே வரிசையாக ரூட்டுகள், அதாவது ஒரு நர்ஸ் ஒரு காலையில் போய்வரக்கூடிய வீடுகளின் கூட்டம், அதிகம் போனால் இரண்டு வீடு. அந்த ரூட் அந்த வீட்டுக்குப் போகும் என்றால் கட்டத்தில் ஒன்று, போகாது என்றால் சைபர். எல்லா வீட்டுக்கும் ஒருத்தியாவது போகவேண்டும், மொத்தத்தில் குறைந்த நர்சுகள் போதவேண்டும். எந்த ரூட்டை எடுப்பது, எதை விடுவது என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

இதில் ஒரு வம்பு உண்டு. கம்ப்யூட்டருக்கு மனுஷி என்றால் என்னவென்று தெரியாது. வேகமான வழியில் கணக்குப் போடவிட்டால் கால் நர்ஸ், அரை நர்ஸ் என்று பதில் சொல்லிவிடும். முழுசாகத்தான் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அந்த ஆபீசின் பழைய மிஷின் நாற்பது நிமிஷம் முனகிக்கொண்டு கிடந்தது. ஆனால் சில கட்டங்களுக்கு அந்தக் கட்டாயமே தேவையில்லை. சமநிலைக் கட்டம் என்று பெயர். உள்ளே ஒற்றைப்படை வட்டம் ஒளிந்திருக்கக்கூடாது, அதுதான் நிபந்தனை. மூன்று வீடு, மூன்று ரூட். ஒவ்வொரு ரூட்டும் அந்த மூன்றில் இரண்டு வீட்டுக்குப் போகும், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மூன்றில் இரண்டு ரூட் வரும். அதுதான் வட்டம். மூன்றுக்குப் பதில் ஐந்து, ஏழு என்றும் வரலாம். அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் வேகமான வழியிலேயே பதில் முழுசு முழுசாக வந்து விழும். அதற்கு நிரூபணம் இருக்கிறது.

எங்கள் ஆற்றுச்சாலை லாடம் மாதிரி வளைந்து போகும் ஒரே சாலை. ஒரு முனையில் பஸ் டிப்போ, மறுமுனையில் அக்கா வீடு. குறுக்குவழி கிடையாது. எந்த ரூட்டும் அடுத்தடுத்த வீடுகளாகத்தான் இருக்கமுடியும், வட்டம் விழ வழியே இல்லை. சந்தைப் பக்கத்துத் தெருக்களையும் உட்கார்ந்து சோதித்தேன், அங்கேயும் இல்லை. அதனால் அந்த நாற்பது நிமிஷத்தைத் தூக்கிவிட்டேன். பட்டியல் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. அன்றைக்கு ஆபீசில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா மட்டும்தான் கேலி செய்தாள். அவள் பெயரும் அந்தக் கட்டத்தில் ஏறிய பிறகு அடிக்கடி சொல்வாள்: "கணக்கு டீச்சருக்கு அக்காவாப் பொறந்தா இதுதான் கதி. மூச்சு விடறதுக்கும் அட்டவணை."

பட்டியலம்மா சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தாள்.

"அன்னிக்குப் பதினோரு வீடு டீச்சர். சந்தைப் பக்கம் எட்டு. அதுக்கு நாலு ரூட், நாலு பேர், பேரெல்லாம் இருக்கு பாருங்க. ஆற்றுச்சாலையில மூணே வீடு. டிப்போகிட்ட சர்க்கரை நோய்க்காரர், நடுவுல தையல்காரம்மா, கடைசியில அக்கா. அந்த மூணுக்கு நேரா பேர் இல்ல. ஆனா வலது ஓரக் கட்டத்தைப் பாருங்க."

வலது ஓரக் கட்டத்தில் பதினோரு வீட்டுக்கு நேராகவும் ஒன்று, ஒன்று, ஒன்று.

"நீங்க எனக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? 'நடுவுல இருக்கிறதைப் பார்த்துக் குழம்பாதே. வலது ஓரத்துல எல்லாம் ஒண்ணுன்னா எல்லா வீட்டுக்கும் ஆள் போட்டாச்சு. கையெழுத்துப் போடு.' ஒன்பது வருஷமா அதைத்தானே பார்க்கிறேன். உங்க அத்தான் போன் பண்ணினப்பவும் விரலை வச்சு அதைத்தான் பார்த்தேன். ஒண்ணு. ரெண்டாவது தடவையும் பார்த்தேன். ஒண்ணு."

"ரெண்டு பேர் சும்மா உக்காந்திருந்தாங்களே, அது உனக்கு உறுத்தலையா?"

"உறுத்திச்சு." அவள் குரல் இறங்கியது. "பொய் சொல்லமாட்டேன். என்னடா இன்னிக்கு ரெண்டு பேர் மிச்சம்னு தோணிச்சு. 'கம்ப்யூட்டருக்கு நம்ம மேல இன்னிக்கு இரக்கம் வந்துடுச்சு'ன்னு அதுல ஒருத்தி சிரிச்சா. நானும் சிரிச்சேன். கணக்கு நம்மளைவிடப் புத்திசாலின்னு விட்டுட்டேன்."

"மத்த ரெண்டு வீட்டுக்கும்கூடவா யாரும் போகல?"

"போகல. சர்க்கரைக்காரரை மகன் கூட்டிட்டுப் போய்க் கட்டு மாத்தியிருக்கார். தையல்காரம்மா ஒரு நாள்தானேன்னு பேசாம இருந்துட்டாங்க."

பிறகு உறைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தாள்.

"உங்க புரோகிராம் பின்னாடி ஒரு கோப்பு எழுதி வைக்குது டீச்சர். யாரும் தொறக்கிறதே இல்ல. பதினாறு நாளா ஒண்ணொண்ணாத் தொறந்து பார்த்து இதைக் கண்டுபிடிச்சேன். எனக்கு அர்த்தம் புரியல. டிப்போவும் தையல்காரம்மாவும் போற ரூட்டுக்கு நேரா, அரை. தையல்காரம்மாவும் அக்காவும் போற ரூட்டுக்கு, அரை. அக்காவும் டிப்போவும் போற ரூட்டுக்கு, அரை. அரை நர்ஸ்னா என்ன டீச்சர்? மேல்பாதியா, கீழ்பாதியா?"

வேடிக்கையாகத்தான் சொல்லப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணிவிட்டது.

எனக்கு மேஜை விளிம்பு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அரையும் அரையும். கூட்டினால் ஒன்று. அதுதான் வலது ஓரக் கட்டம். பேரை அச்சடிக்கிற இடத்தில், முழு எண்ணாக இருந்தால் மட்டும் அச்சடி என்று நான் எழுதியிருந்தேன். அரை வரவே வராது என்று தெரிந்திருந்ததால் அரை வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

"அக்காவும் டிப்போவுமா?" என்று கேட்டேன். "ரெண்டும் ரெண்டு முனை ஆச்சே. அப்படி ஒரு ரூட் ஏது?"

பட்டியலம்மா என்னைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால் புதுப் பாலம் திறந்தார்கள். லாடத்தின் இரண்டு முனையையும் சேர்த்து. அன்றைக்கு இவள் எனக்குப் போன் பண்ணினாள். "டீச்சர், பாலத்து வழியா ஒரு ரூட் சேர்க்கச் சொல்லி நர்சுங்க கேக்கிறாங்க. கட்டத்துல ஏத்தலாமா? ஒண்ணும் ஆகாதே?" நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். "ஒரு ரூட் சேர்க்கிறதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவே? சேர்த்துக்கோயேன்," என்று வைத்துவிட்டேன்.

சாலை வட்டமாகிவிட்டது. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை, வேறு வேறு வீடுகள் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மூன்று வீடு, மூன்று ரூட் என்று சரியாகக் கூடி வந்தது.

"நீ என்னைக் கேட்டியே," என்றேன்.

"ஆமாம் டீச்சர்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல? விசாரணையில சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? அக்காவைப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. 'உங்களைக் கேட்டுத்தான் சேர்த்தேன்'னு நான் சொன்னா, பழியைத் தூக்கி உங்க தலையில போடற மாதிரி ஆகாதா? அதோட, அதுதான் காரணமான்னும் எனக்குத் தெரியல. இப்ப உங்க முகத்தைப் பார்த்துதான் தெரியுது."

"அதுதான் காரணம்."

"உங்க பேரைச் சொல்லவேண்டாம் டீச்சர். பொய்ங்கிற அந்த ஒரு வரியை மட்டும்..."

"பேசாம இரு."

அவள் பென் டிரைவில் கொண்டுவந்திருந்த அந்தக் கோப்பை என் கம்ப்யூட்டரில் போட்டேன். முழுசாகத்தான் சொல்லவேண்டும் என்கிற அந்தக் கட்டாயத்தைத் திரும்பச் சேர்த்து ஓடவிட்டேன். நாற்பது நிமிஷம் காத்திருக்கத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆறு ரூட், ஆறு நர்ஸ். அக்கா வீட்டுக்கு நேராக ஒரு பேர் இருந்தது.

"அன்னிக்கு டூட்டியில எத்தனை பேர்?"

"ஆறு பேர் டீச்சர்."

"ஆபீஸ் மிஷின்ல இதே வேகம் வருமா?"

"இதைவிட வேகமா வரும். அந்தப் பழைய மிஷினைத் தூக்கிப் போட்டு ஆறு வருஷம் ஆச்சே."

அவள் எழுந்துபோய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து எனக்கு எதிரில் வைத்தாள். என் வீட்டில், எனக்கு.

சாயங்காலம் அத்தான் வீட்டுக்குப் போனேன். சிலிண்டர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவை நின்ற இடத்தில் தரையில் மூன்று வளையம் கறையாக இருந்தது. அத்தான் இடது கையால் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் தாடையால் அழுத்திப் பிடித்து, மறுபக்கத்தைக் கையால் திருப்பி.

"வா சின்னவளே. நாளைக்குக் கமிட்டிக்கு வண்டி சொல்லியாச்சா?"

"அத்தான், நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளுங்க."

சொன்னேன். பாலம், ரூட், அடுப்பில் பால், எல்லாம். கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்கே என் குரல் வகுப்பில் நிற்பது மாதிரி கேட்டது. நிறுத்தி, வேறு மாதிரிச் சொன்னேன். "உங்க வீட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து அரை ஆளு, இந்தப் பக்கத்துலேருந்து அரை ஆளுன்னு கணக்கு வந்துடுச்சு. ரெண்டையும் கூட்டி ஒண்ணுன்னு காட்டிடுச்சு."

சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அரைன்னா... பாதி வழி வரைக்கும் யாராவது வந்தாங்களா?"

"இல்ல அத்தான். யாரும் கிளம்பவே இல்ல."

"பாலம் வரைக்கும்?"

"இல்ல."

"நான் ஜன்னல்கிட்ட நின்னு பாலத்தையே பார்த்துட்டிருந்தேன். வெள்ளையா ஒரு வண்டி வந்துச்சு. 'அதோ வந்துட்டாங்க'ன்னு அவகிட்ட சொன்னேன். வண்டி நேராப் போயிடுச்சு. அவளுக்குப் பேச்சு வரல. கையை இப்படி ஆட்டினா." இடது கையை லேசாக அசைத்துக் காட்டினார். பரவாயில்லை என்கிற மாதிரி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அந்தப் பட்டியலம்மா பொய் சொல்லலையா?"

"சொல்லல. அவ முன்னாடி இருந்த தாள் அப்படித்தான் சொல்லிச்சு. அந்தத் தாளை நம்பச் சொன்னது நான்."

"பால்காரன்கிட்டகூடச் சொன்னேனே, பொய்க்காரின்னு." மடித்த சட்டையைத் திரும்பப் பிரித்தார். "தாள் எடு. மனுவை வாபஸ் வாங்கறேன்னு எழுது."

எழுதினேன். என் கையெழுத்திலேயே முதல் மனு, அதே கையெழுத்தில் இதுவும். "தவறு என்னுடையது" என்று கீழே என் பங்குக்கு ஒரு பத்தி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் இடது கையால் தன் பெயரை மெதுவாகப் போட்டார். கடைசி எழுத்து தாளை விட்டு இறங்கிப் மேஜைப் பலகையில் போய் முடிந்தது.

"கிளம்பறேன் அத்தான். காலையில வந்து உங்களுக்குச் சமைச்சு..."

"கொஞ்ச நாளைக்கு வராதே சின்னவளே."

"அத்தான்."

"திட்டறதுக்குச் சொல்லல. நீ எதிர்ல உக்காந்தா, ஏன் ஒரு நிமிஷம் அந்தப் போன்ல நின்னு பேசலன்னு கேட்டுட்டே இருப்பேன். வாய்விட்டுக் கேக்காட்டியும் கேப்பேன். உனக்கும் பதில் இல்ல. எதுக்கு?"

"உங்களுக்கு ஒத்தாசைக்கு யாரு?"

"பார்த்துக்கலாம்." சட்டையை மறுபடி தாடையில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கமிட்டியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படின்னா இது கம்ப்யூட்டர் கோளாறு."

"இல்லைங்க. கம்ப்யூட்டர் கேட்டதைச் சரியாச் செஞ்சுது. கோளாறு என்னது."

"டீச்சர், நீங்க சம்பளம்கூட வாங்காமச் செஞ்ச உதவி அது. உங்களை யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க."

"இந்தம்மாவை மட்டும் சொல்லலாமா?"

பட்டியலம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை வேலையில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 'பொய்' என்கிற வரியை அடித்தார்கள். தினமும் பேர் பேராகச் சரிபார்க்கவேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே படியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒரு விஷயம். உங்க அத்தான் இப்ப தனியா இருக்கார். ஒரு கைதான். ரத்த அழுத்தம் வேற இருக்கு. அவர் பேரை ஏத்தவா?"

"அவரைக் கேட்டியா?"

"காலையிலயே போன் பண்ணிக் கேட்டேன். 'சரி'ன்னார். அக்கா இருந்த அதே வரிசையிலதான் வரும். பரவாயில்லையா?"

"ஏத்து."

அன்று மத்தியானம் அந்த ஆபீசில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினேன். அரை வந்தால் நின்றுவிட்டுக் கத்தும்படி எழுதினேன். பட்டியலம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள். அவள் விடவில்லை, நானும் ஒன்றையும் "விட்டுத்தள்ளு" என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு ஆபீசுக்குப் போன் பண்ணினேன்.

"போயாச்சா?"

"போயாச்சு டீச்சர். எட்டு ஐம்பதுக்கே போய்ச் சேர்ந்துட்டா. நானே அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"கதவைத் தொறந்தாரா?"

"தொறந்தாராம். ரத்த அழுத்தம் பார்த்தாளாம். கொஞ்சம் அதிகம்தான். மாத்திரையை எடுத்துக் குடுத்திருக்கா."

"சாப்பிட்டாராமா?"

"சாப்பிட்டாராம்."

"வேற எதுவும் சொன்னாரா?"

"ஒம்பது மணிக்கு முன்னாடியே வந்துட்டியேன்னாராம்."

"அவ்வளவுதானா?"

போனில் அவள் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல டீச்சர்," என்றாள் பட்டியலம்மா. "நாளைக்கும் பண்ணுங்க. சொல்றேன்."